கைவிடப்பட்ட பாய்ப்படகு 1,200 பவுண்டுகளுக்குக் கிடைக்கிறது: வாங்கலாமா?

கிழக்கு இலண்டனில் வசிக்கும் வாசகர் ஒருவர் படங்களுடன் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

கென்ட் பகுதியில், மெட்வே ஆற்றங்கரையிலுள்ள ஒரு படகுப் பட்டறையின் பின்மூலையில், 1974இல் கட்டப்பட்ட வெஸ்டர்லி சென்டோர் வகைப் பாய்ப்படகு ஒன்று ஆறேழு ஆண்டுகளாகக் கவனிப்பாரின்றி நிற்கிறது. உரிமையாளர் நிறுத்துமிட வாடகை கட்டுவதை எப்போதோ நிறுத்திவிட்டார். அவர் இறந்துவிட்டதாகவும் பட்டறையில் ஒரு பேச்சு உண்டு. வாடகைப் பாக்கிக்கு ஈடாகப் படகைத் தாங்களே விற்பதாகவும், 1,200 பவுண்டுகள் தந்தால் இம்மாத இறுதிக்குள் கொண்டுபோகலாம் என்றும் பட்டறைக்காரர் சொல்லியிருக்கிறார். வாசகரிடம் 9,000 பவுண்டுகள் சேமிப்பு இருக்கிறது. உடன் வேலை செய்யும் நண்பரின் படகில் இரண்டு கோடைகாலம் துணைக்குப் போன அனுபவமும் உண்டு. வார இறுதிகளில் பிள்ளைகளுடன் சேர்ந்து தானே பழுதுபார்த்துவிடலாம் என்பது அவர் எண்ணம். படகில் பதிவெண் எழுதியிருப்பதால் உரிமையில் சிக்கல் வராது, கண்ணாடியிழையாலான (ஃபைபர்கிளாஸ்) உடல் உக்கிப்போகாது, எஞ்சின் கையால் சுற்றுகிறது, சரிவராவிட்டால் வாங்கிய விலைக்கே விற்றுவிடலாம் என்று நான்கு நம்பிக்கைகளை அவர் வரிசைப்படுத்துகிறார். மனைவி இதை வீண் செலவு என்கிறார். தந்தை வல்வெட்டித்துறையைச் சேர்ந்தவர். சிறு வயதில் அவர் சொன்ன அன்னபூரணிக் கப்பலின் கதைதான் தன்னைக் கடல் பக்கம் இழுத்தது என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் ஆசையை நான் மதிக்கிறேன். வல்வெட்டித்துறை மண்ணில் நம்மவர்கள் கட்டிய அன்னபூரணி 1938இல் அத்திலாந்திக் கடலைக் கடந்து, அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது வரலாறு. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த ஒருவர் தன் பிள்ளைகளுக்குப் பாய் இழுக்கக் கற்றுக்கொடுக்க நினைப்பதை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அன்னபூரணி அந்தக் கடலைக் கடந்தது, அது நன்றாகக் கட்டப்பட்டு, நாள்தோறும் தொழில் அறிந்த கைகளின் பராமரிப்பில் இருந்ததால்தான். நீங்கள் கடலுக்குப் போக அந்தக் கதை போதிய காரணம். பட்டறை மூலையில் நிற்கும் இந்தப் படகை வாங்க அது போதாது. இந்த இரண்டையும் நீங்கள் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றுள்ள நிலையில் இதற்கு ஒரு பவுண்டுகூட முன்பணம் கொடுக்காதீர்கள். விற்கும் அதிகாரம் தனக்கு உண்டு என்பதைப் பட்டறை காகிதத்தில் காட்ட வேண்டும். ஏரா எனப்படும் அடிக்கட்டைகள் உடலோடு சேரும் இடம் திடமாக இருக்கிறது என்று ஆய்வாளர் ஒருவர் எழுதித் தர வேண்டும். இரண்டும் கிடைத்தால் பேரத்தைத் தொடங்குங்கள். ஒன்று கிடைக்காவிட்டாலும் விட்டுவிடுங்கள்.

படகின் வகையைப் பற்றி உங்களுக்கு யாரோ நல்லதாகவே சொல்லியிருக்கிறார்கள், அது உண்மையும்கூட. சென்டோரை வடிவமைத்தது லோரன்ட் ஜைல்ஸ் நிறுவனம். 1969 முதல் 1980 வரை 2,400க்கும் மேற்பட்ட படகுகள் கட்டப்பட்டன. 26 அடி நீளம், ஏறத்தாழ மூன்று டன் எடை, மூன்றடி ஆழத் தண்ணீர் இருந்தால் மிதந்துவிடும். நடுவில் ஒரே ஏரா இருப்பதற்குப் பதிலாக இரு பக்கமும் ஒவ்வொன்றாக இரட்டை ஏரா இருப்பதால், நீர் வற்றும்போது சாயாமல் சேற்றிலேயே நிமிர்ந்து நிற்கும். மெட்வே போன்ற ஆற்றுக்கு இதைவிடப் பொருத்தமான குடும்பப் படகு குறைவு. அந்தக் காலத்தில் கண்ணாடியிழையைத் தாராளமாகப் பூசினார்கள் என்பதால் உடலும் தடிமனானது. ஆகவே நீங்கள் தேர்ந்த வகையில் பிழையில்லை. ஆனால் வகை நல்லது என்பதால் அந்த வகையில் வந்த ஒவ்வொரு படகும் நல்லதாகிவிடாது.

விற்கும் உரிமை யாருக்கு?

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது இதுதான். நான் படகுகளை ஆய்வு செய்பவன், சட்டத்தரணி அல்ல. சர்ச்சை என்று வந்தால் நீங்கள் சட்டத்தரணியிடமே போக வேண்டும். ஆயினும் இங்கிலாந்தில் பழைய படகு வாங்கும் எவரும் அறிந்திருக்க வேண்டிய அடிப்படைகளை நான் சொல்லலாம்.

படகின் பின்புறத்தில் எஸ்.எஸ்.ஆர். என்ற எழுத்துகளுடன் ஓர் எண் இருப்பதை உரிமைச் சான்றாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது சிறு கப்பல் பதிவேட்டின் எண். வெளிநாடு செல்லும் படகுக்குக் கொடி அடையாளம் தருவதற்கான எளிய பதிவு அது. ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், புதுப்பிக்காவிட்டால் காலாவதியாகும். விண்ணப்பிப்பவர் தானே உரிமையாளர் என்று அறிவிப்பதை வைத்தே அந்தப் பதிவு நடக்கிறது, உரிமை வந்த வழியை யாரும் சரிபார்ப்பதில்லை. உரிமை, அடமானம் ஆகியவற்றைக் காட்டுவது கப்பல் பதிவேட்டின் முதற்பகுதிதான். இந்தப் படகு அதில் இருக்கிறதா என்பதைக் கார்டிஃபிலுள்ள பதிவகத்தில் சிறு கட்டணம் செலுத்திக் கேட்கலாம். இந்த நாட்டில் பெரும்பாலான சிறிய படகுகள் அந்தப் பகுதியில் இருப்பதே இல்லை. அவற்றுக்குக் கைமாறிய விற்பனைப் பத்திரங்களின் தொடர்ச்சிதான் உரிமைச் சான்று.

இனி வாடகைப் பாக்கி. பாக்கி இருக்கும்வரை படகைத் தன்னிடம் தடுத்து வைத்துக்கொள்ளும் உரிமை பட்டறைக்கு இருக்கலாம்; ஆனால் தடுத்து வைக்கும் உரிமை வேறு, விற்கும் உரிமை வேறு. விற்பதற்கு, படகை நிறுத்தியபோது உரிமையாளர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் அதற்கான பிரிவு இருக்க வேண்டும். அல்லது பொருட்கள் மீதான தலையீடு தொடர்பான 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியைப் பட்டறை பின்பற்றியிருக்க வேண்டும். அந்தச் சட்டப்படி, விற்கும் எண்ணத்தைப் பதிவுத் தபால் மூலம் உரிமையாளருக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். வாடகை போன்ற தொகை பாக்கி இருந்தால், அறிவிப்புக்கும் விற்பனைக்கும் இடையில் குறைந்தது மூன்று மாதம் விட வேண்டும். நியாயமான முறையில் விற்று, பாக்கியும் செலவும் போக மீதியை உரிமையாளருக்காகக் கணக்கு வைக்க வேண்டும். உரிமையாளரைத் தேடியும் காணவில்லை என்றால் நீதிமன்ற அனுமதி பெற்று விற்கவும் அதே சட்டத்தில் வழியிருக்கிறது.

இப்படி முறையாக விற்றால், படகை அங்கே நிறுத்தியவருக்கு எதிராக உங்கள் உரிமை நிற்கும். அதிலும் ஒரு விலக்கு இருக்கிறது. நிறுத்தியவர் உண்மையான உரிமையாளர் இல்லையென்றால், உதாரணமாக அது அவருடைய சகோதரரின் படகாகவோ வேறு யாருக்கோ உரியதாகவோ இருந்தால், அந்த உண்மையான உரிமையாளருக்கு எதிராக உங்கள் உரிமை நிற்காது. ஆகவே நிறுத்தியவர் கையில் இருந்த பழைய விற்பனைப் பத்திரத்தின் நகல் ஏதாவது பட்டறைக் கோப்பில் உண்டா என்றும் கேளுங்கள்.

இறந்துவிட்டதாகக் கேள்வி என்ற அந்த ஒரு வரிதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. அவர் உண்மையில் இறந்திருந்தால் படகு அவருடைய மரணச் சொத்தில் சேர்ந்துவிட்டது. உயிலை நிறைவேற்றுபவரோ சொத்தை நிர்வகிப்பவரோதான் இப்போது பேசக்கூடியவர். இல்லாத மனிதரின் பழைய முகவரிக்கு அனுப்பிய கடிதத்தைக் காட்டி முறைப்படி அறிவித்துவிட்டோம் என்று பட்டறை சொன்னால், அதை நம்பி நீங்கள் பணம் போடக் கூடாது. இரண்டு கோடைகாலம் உழைத்துப் படகைத் தண்ணீரில் இறக்கிய பிறகு, லீட்சிலோ கனடாவிலோ இருக்கும் மகள் ஒருவர் இது என் தந்தையின் படகு என்று வந்து நிற்க முடியும். நல்லெண்ணத்தோடு தன்னுடையது என்று நம்பிப் பொருளை மேம்படுத்தியவருக்கு அந்த மேம்பாட்டின் மதிப்பைக் கழித்துத் தர இதே சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் உரிமையாளர் இறந்திருக்கலாம் என்று உங்களுக்கு முன்பே தெரியும். அதை என்னிடம் எழுத்திலேயே சொல்லியிருக்கிறீர்கள். நேர்மையாக நம்பினேன் என்று பின்னர் வாதிடுவது உங்களுக்குக் கடினமாகும்.

இறந்தவரின் குடும்பத்தைத் தேடுவது பெரும்பாலும் நீங்கள் அஞ்சுமளவுக்குப் பெரிய வேலையாக இருக்காது. உயில் உறுதிப்படுத்தப்பட்டிருந்தால் அதன் பதிவைப் பொதுமக்கள் யாரும் கட்டணம் செலுத்தித் தேடிப் பெறலாம். குடும்பத்தார் கிடைத்தால், ஆளில்லாமல் நிற்கும் படகின் வாடகைச் சுமையிலிருந்து விடுபடுவதை அவர்களே விரும்பக்கூடும். அவர்கள் கையெழுத்திட்ட விற்பனைப் பத்திரம் பட்டறையின் பற்றுச்சீட்டைவிடப் பல மடங்கு மேலானது.

பட்டறை எந்த நிலையில் நின்று விற்கிறது என்பதும் பத்திரத்தில் தெளிவாக இருக்கட்டும். வணிகராகத் தன் பெயரில் விற்றால் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்களுக்கு ஓரளவு துணை வரும், அதுவும் இந்த விலைக்கும் படகின் வெளிப்படையான நிலைக்கும் ஏற்ற அளவில்தான். தனிநபர் ஒருவருக்காக விற்றுத் தரும் முகவர் என்றால் அந்தப் பாதுகாப்பில் பெரும்பகுதி இராது.

அடிக்கட்டையும் உடலும்

கண்ணாடியிழை உக்காது என்பது பாதி உண்மை. மரம்போல அது உளுத்துப்போவதில்லை. ஆனால் பல்லாண்டுகள் நீரில் கிடந்த உடலுக்குள் ஈரம் புகுந்து, மேற்பூச்சின் அடியில் கொப்புளங்கள் எழும்பும்; ஒன்றைக் குத்தினால் வினிகர் வாசனையுடன் நீர் கசியும். இதைக் கேட்டுப் பலர் பயந்துவிடுகிறார்கள். சென்டோர் போன்ற தடித்த உடலில் கொப்புளங்களால் படகு மூழ்குவது மிக அரிது. பேரத்தில் விலையைக் குறைக்க அவை உதவும். அவற்றுக்காக மட்டும் படகை மறுக்க வேண்டாம்.

பயப்பட வேண்டிய இடம் வேறு. இந்த வகையில் வார்ப்பிரும்பு ஏராக்கள் இரண்டும் உடலின் அடியில் சிறிய கண்ணாடியிழைத் திண்டுகளின் மேல் தாழ்ப்பாணிகளால் இறுக்கப்பட்டிருக்கின்றன. கட்டியபோது பல படகுகளில் அந்த இடத்துக்கு உள்ளே போதிய குறுக்குத் தாங்கிகள் வைக்கப்படவில்லை. அலையில் ஏராவின் மேல் பக்கவாட்டில் விசை விழும்போதும், சேற்றில் ஊன்றி நின்ற படகை ஏற்றத்து நீர் தூக்கும்போதும் திண்டைச் சுற்றியுள்ள உடல் மெல்ல நெளிகிறது. மெட்வே வாயிலுள்ள ஷியர்னஸில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெருவேற்ற நாட்களில் ஐந்து மீட்டருக்கு மேல் நீர் ஏறி இறங்கும். மெட்வேயின் சேறோ எதையும் எளிதில் விடாது. நாளுக்கு இரு முறை, ஆண்டுக்கணக்காக இந்த இழுப்பைத் தாங்கிய படகு என்றால் நெளிவு நாளடைவில் வெடிப்பாகும்.

நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வலப்பக்க ஏரா உடலோடு சேரும் கோட்டில், முன்பாதியில், மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு ஓடுகிறது. அதன் ஓரிடத்திலிருந்து துருநீர் வடிந்து காய்ந்த பழுப்புத் தடமும் கீழே இறங்குகிறது. அது வெறும் பூச்சு வெடிப்பாகவும் இருக்கலாம், தாழ்ப்பாணிக்குள் நீர் போய்விட்டதன் அடையாளமாகவும் இருக்கலாம். படத்தை வைத்து எந்த ஆய்வாளரும் முடிவு சொல்லக் கூடாது. இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. பட்டறையின் தூக்கி (கிரேன்) படகை வார்களில் ஏந்தி, ஏராக்கள் தரையை விட்டுச் சில அங்குலம் எழும்பியதும், ஒருவர் வெளியே நின்று ஏராவின் நுனியைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். இன்னொருவர் உள்ளே தரைப்பலகையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தின் உட்புறத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உட்புறம் அசைவது கண்ணுக்குத் தெரிந்தால், உள்ளே குறுக்குத் தாங்கிகள் கட்டும் வேலை கட்டாயம். முந்தைய உரிமையாளர்கள் பலர் அதைச் செய்தும் இருக்கிறார்கள். தரைப்பலகையின் கீழ் கண்ணாடியிழை பூசிய தடித்த விலா எலும்புகள் போலத் தாங்கிகள் தெரிந்தால் அது மிக நல்ல செய்தி. தூக்கிக் கட்டணம் உங்களுடையதாக இருக்கும். அதைக் கொடுப்பதில் தயங்காதீர்கள்.

அடுத்தது, உடலின் அடியில் துளையிட்டுப் பொருத்திய கடல்நீர் வால்வுகள். இந்த வயதுப் படகுகளில் வட்டப் பிடி வைத்த சாதாரண பித்தளை வால்வுகள் இன்னும் இருப்பதைக் காணலாம். கடல்நீர் பித்தளையிலுள்ள துத்தநாகத்தைக் கரைத்துக் கொண்டுபோய்விடும். ஆணி நுனியால் சுரண்டும்போது மஞ்சள் பளபளப்புக்குப் பதிலாக இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தால், அந்த வால்வு கையோடு முறிந்து வரக்கூடிய நிலையில் இருக்கிறது என்று பொருள். இவற்றை மாற்றுவது பெரிய செலவு இல்லை, ஆனால் மாற்றாமல் படகைத் தண்ணீரில் இறக்கவே கூடாது.

எஞ்சின் சுற்றுகிறது என்கிறீர்கள். கையால் சுற்றினால் அது இறுகிப்போகவில்லை என்று மட்டும்தான் தெரியும். படத்தில் எஞ்சினின் நடு உயரத்தில், கிடைமட்டமாக, அளவுகோல் வைத்துக் கீறியது போல ஒரு பழுப்புக் கோடு இருக்கிறது. மழைநீர் உள்ளே தேங்கி அந்த மட்டம்வரை நீண்ட காலம் நின்றிருக்கிறது. அந்தக் காலத்து வோல்வோ பென்டா எஞ்சின்கள் கடல்நீராலேயே நேரடியாகக் குளிரூட்டப்பட்டவை, உட்பாதைகள் உள்ளிருந்தே துருப்பிடிப்பவை. அதற்குமேல் தொடக்கிப் பொறியும் கியர்ப்பெட்டியும் ஆண்டுக்கணக்கில் நீரில் நின்றிருக்கின்றன. உங்கள் கணக்கில் இந்த எஞ்சினுக்குப் பெறுமதி எதுவும் போடாதீர்கள். அதே நீர் உட்சுவர்ப் பலகைகளின் அடியையும் ஊறவைத்திருக்கும். பாய்மரத்தின் அழுத்தத்தைக் கீழே கடத்தும் பலகை எது என்று பார்த்து, அதன் அடிப்பகுதியைத் திருப்புளியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கூரையிலிருந்து தொங்கும் துணியும் சன்னல் கசிவும் கண்ணுக்குப் பயங்கரமாகத் தெரியும், ஆனால் அவை பிள்ளைகளோடு சேர்ந்து நீங்களே செய்யக்கூடிய வேலைகள்.

1,200 பவுண்டுகளுக்குப் பின்னால்

தொழிலில் நான் காணும் விலைகளை வைத்து ஒரு மதிப்பீடு தருகிறேன். இடத்துக்கு இடம் மாறும். முழு ஆய்வுக்கும் தூக்கிக்கும் சேர்த்து 700 முதல் 900 பவுண்டுகள். பாய்மரத்தை நிறுத்தும் உருக்குக் கம்பிகள் பத்தாண்டுகளைக் கடந்திருந்தால் பல காப்புறுதி நிறுவனங்கள் மாற்றச் சொல்லும். அதற்கு 1,500 முதல் 2,500 வரை. இரண்டு பாய்கள் புதிதாக என்றால் 2,000க்கு மேல். நல்ல நிலையில் பழையவை கிடைத்தால் பாதிக்கும் கீழ். ஏராக்களைக் கழற்றித் தாங்கிகள் கட்டி மறுபடி பொருத்துவதைப் பட்டறை செய்தால் சில ஆயிரம். புதிய டீசல் எஞ்சின் பொருத்தி முடிக்க 8,000க்குக் குறையாது. பின்புறத்தில் மாட்டும் வெளி எஞ்சின் மலிவான மாற்று, மெட்வேக்குள் ஓட அது போதும், ஆனால் முகத்துவாரத்துக்கு வெளியே குறுகிய அலையில் படகின் பின்புறம் தூக்கும்போது அதன் விசிறி நீரை விட்டு வெளியே வந்துவிடும். இவற்றோடு மின்கம்பி, எரிவாயுக் குழாய், நங்கூரச் சங்கிலி, உயிர்காப்பு அங்கிகள். வேலை முடியும்வரை மாதாமாதம் நிறுத்துமிட வாடகையும் ஓடும்.

கூட்டிப் பார்த்தால் உங்கள் 9,000 பவுண்டுகள் எஞ்சினைத் தொடும் முன்பே பெரும்பாலும் முடிந்துவிடும். வேலையை நீங்களே செய்தால் கூலி மிஞ்சும், உண்மைதான். ஆனால் கண்ணாடியிழை வேலைக்கு உலர்ந்த, ஓரளவு வெப்பமான நாட்கள் தேவை. இந்த நாட்டில் அது மே முதல் செப்டெம்பர் வரையிலான வார இறுதிகள். அதிலும் மழை, பிறந்தநாள், கலியாணம், தமிழ்ப்பள்ளி விழா எல்லாம் போக எஞ்சுபவைதான் உங்களுக்கு. சில பட்டறைகள் சொந்தக்காரரே வேலை செய்வதையும் வெளியாட்களை அழைத்து வருவதையும் அனுமதிப்பதில்லை என்பதால் அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மூத்த பிள்ளைக்கு இப்போது பதின்மூன்று வயது. படகு தயாராகும்போது அவருக்கு உங்களோடு வர நேரமிருக்குமா என்பதை நீங்களும் மனைவியும் உட்கார்ந்து பேச வேண்டும். அவர் சொல்லும் வீண் செலவு என்பதற்குள் இந்தக் கவலையும் இருக்கலாம்.

வாங்கிய விலைக்கே விற்றுவிடலாம் என்ற நம்பிக்கையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இப்படிப் பாதி பிரித்துப் போட்ட படகை இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்க ஆள் அரிது. கண்ணாடியிழையை மறுபடி பயன்படுத்தும் வழி நடைமுறையில் இன்னும் பரவலாக இல்லை. படகை வெட்டிக் குப்பையாக அகற்ற ஓரிரண்டு ஆயிரம் பவுண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். ஏராக்கள் ஈயமாக இருந்தால் அந்தச் செலவில் ஒரு பகுதி திரும்பியிருக்கும், இவை வார்ப்பிரும்பு. படகை அகற்றும் இந்தச் செலவு இன்று பட்டறையின் தலையில் இருக்கிறது. நீங்கள் 1,200 பவுண்டுகளைக் கொடுத்துக் கையெழுத்திடும் கணத்தில் அது உங்கள் தலைக்கு மாறுகிறது. பட்டறைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு அந்த இடம் தேவை. ஆனால் விலை பேசும்போது இந்த உண்மை உங்கள் பக்கம் இருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தாலும் இந்தப் படகுக்கு 1,200 அதிகம் என்பதே என் மதிப்பீடு. ஓராண்டு வாடகை விலக்கும் பெயரளவு விலையும் கேட்பதில் தவறில்லை.

வேறு வழிகள்

இதே சென்டோர், ஓடும் எஞ்சினோடும் அண்மைய ஆய்வறிக்கையோடும், 5,000 முதல் 8,000 பவுண்டுகளுக்குள் விற்பனைக்கு வருவதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வயது முதிர்ந்த உரிமையாளர்கள் பலர், தாங்கள் முப்பது ஆண்டுகள் பார்த்துப் பார்த்து வைத்த படகு அக்கறையுள்ள ஒரு குடும்பத்துக்குப் போக வேண்டும் என்பதற்காகவே விலையைக் குறைக்கிறார்கள். உங்கள் சேமிப்பில் அப்படி ஒன்றை வாங்கி, வரும் கோடையிலேயே மெட்வே வாயிலுள்ள குயின்பரோவரை பிள்ளைகளோடு போய்வர முடியும். உங்களுடைய நிலையில் நான் இதைத்தான் செய்வேன்.

அதற்கும் முன்னால், நண்பரின் படகில் துணைக்குப் போனதையும் தலைமையேற்று ஓட்டுவதையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். இந்த நாட்டின் கடலில் சொந்தப் பாய்ப்படகு ஓட்டச் சட்டப்படி உரிமம் தேவையில்லை என்பதால் பலர் பயிற்சியைத் தள்ளிப்போடுகிறார்கள். அரச பாய்ப்படகுச் சங்கத்தின், பகலில் படகுக்குத் தலைமையேற்கப் பழக்கும் டே ஸ்கிப்பர் வகுப்பை முடித்தால், மெட்வேயின் நீரோட்டத்தையும் கப்பல் பாதையையும் வேறு கண்ணோடு பார்ப்பீர்கள். கப்பல்களோடும் கரையோடும் பேசும் வி.எச்.எஃப். வானொலிக்கு மட்டும் இயக்குபவர் சான்றிதழும் படகுக்கான வானொலி உரிமமும் கட்டாயம். பிரான்சின் கலே வரை போகும் உங்கள் திட்டத்தைச் சில கோடைகாலங்களுக்குத் தள்ளி வையுங்கள்.

படகுகளைப் பழுதுபார்ப்பதே உங்களுக்கு மகிழ்ச்சி, ஓட்டுவது இரண்டாம்பட்சம் என்றால் என் ஆலோசனை மாறும். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஐந்தாண்டு வேலை ஐந்தாண்டு இன்பம். ஆனால் உங்கள் கடிதத்தில் பாய் விரிவதைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது, பிசினையும் உப்புத்தாளையும் பற்றி இரண்டு வரிதான் இருக்கிறது.

இந்த வாரம் செய்ய வேண்டியது

பட்டறைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். உரிமையாளர் கையெழுத்திட்ட நிறுத்துமிட ஒப்பந்தம், அவருக்கு அனுப்பிய விற்பனை அறிவிப்பு, அது சேர்ந்ததற்கான தபால் சான்று, இன்றுவரையிலான பாக்கிக் கணக்கு ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். பழைய பாக்கி எதுவும் வாங்குபவர் மேல் வராது என்று எழுத்தில் கேளுங்கள். இவை வந்து, உரிமையாளர் உயிருடன் இருக்கிறாரா என்பதும் தெளிவான பிறகு, படகு வடிவமைப்பாளர் மற்றும் ஆய்வாளர் சங்கத்தில் உறுப்பினராக உள்ள ஒருவரை நீங்களே தேர்ந்து அமர்த்துங்கள். பட்டறை சிபாரிசு செய்பவரைத் தவிருங்கள். அவர் அறிக்கை உங்கள் பெயருக்கே வர வேண்டும். பின்னர் மூன்றாம் தரப்புக் காப்புறுதி எடுக்கவும் அதுவே கைகொடுக்கும். காப்புறுதி இல்லாவிட்டால் பெரும்பாலான படகுத்துறைகள் இடம் தருவதில்லை. இந்த நகல்கள் வந்த பிறகு முன்பணம் கேட்டால், உரிமை ஆவணமும் ஆய்வும் திருப்தியாக இல்லையெனில் முழுத்தொகையும் திருப்பித் தரப்படும் என்ற வரியோடு மட்டும் கொடுங்கள். அரச பாய்ப்படகுச் சங்கத்தின் மாதிரி விற்பனை ஒப்பந்தத்தில் இதற்கேற்ற வாசகங்கள் உள்ளன.

மாத இறுதி என்ற கெடுவைப் பொருட்படுத்த வேண்டாம். ஆறேழு ஆண்டுகளாக யாரும் கேட்காமல் நின்ற படகை அடுத்த மாதம் இன்னொருவர் கொண்டுபோய்விடுவார் என்று தோன்றவில்லை. கொண்டுபோனாலும் உங்களுக்கு இழப்பில்லை. பட்டறை நகல்களைத் தர மறுத்தால் உங்கள் கேள்விக்கு அதுவே பதில். நகல்கள் வந்தால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.